மலை இறங்கி வந்த மாமன் மடி

நான் சைக்கிளில் ஏறும்போது நீங்கள் மூவரும் ஜன்னல் ஓரம் வந்து நிற்பது எனக்குத் தெரியும். டயர் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கத்தான் நிற்கிறீர்கள். பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் கூடச் சேர்ந்துகொள்கிறாள், அதுவும் தெரியும். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இதே உடம்பை ஒரு சைக்கிளில் வைத்துக் கொடைக்கானலில் இருந்து பழனி வரைக்கும் ஓட்டிப் போயிருக்கிறேன் என்று சொன்னால் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். "சைக்கிள பஸ் மேலயும் உங்கள பஸ்ஸுக்குள்ளயும் ஏத்தியிருப்பாங்கப்பா" என்று பெரியவன் சொல்கிறான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரைப் போலச் சிவப்பு மையை எடுக்க வேண்டாம்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொடைக்கானலில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை. அடுப்பில் இருந்து இறங்கும் ரொட்டியைத் தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டி, பங்களாக்களுக்கும் பள்ளிக்கூட விடுதிகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவது என் சோலி. அந்த ஊரில் சமதளம் என்று ஒன்று கிடையாது. ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவேன், இறக்கத்தில் பிடித்துக்கொண்டு போவேன். இப்படி மலையில் உழைக்கிறவன் இளைத்துத்தானே போக வேண்டும்? நான் இளைக்கவில்லை. உடைந்த ரொட்டியை வீணாக்கக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை. அதை நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பங்களா சமையல்காரர்கள் என்னைக் கண்டால், "பன்னு வந்துருச்சு, பின்னாலயே பெட்டியும் வருது" என்பார்கள்.

உங்கள் அத்தையைப் பழனியில் கட்டிக்கொடுத்திருந்தது. எங்கள் அப்பா அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆகவே அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருவன்தான். "ஒரு வீடுன்னு சொல்ற அளவுக்கு ஆளும் இருக்காருல்ல" என்று உங்கள் மாமா சொல்லுவார். அவருக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது. தங்கை புருஷன், அந்த உரிமை அவருக்கு உண்டு, நானும் கொடுத்திருந்தேன்.

ஆனால் அத்தையின் மாமியார் பேசுவது கேலி இல்லை. வளைகாப்புக்கு நான் வந்த பஸ் மலையில் நின்றுபோய், நான் போய்ச் சேரும்போது பந்தியே முடிந்திருந்தது. பிள்ளைக்குப் பேர் வைத்தபோதும் அப்படியே. அந்த அம்மா நாலு பேர் கேட்க, "எங்க மருமகளுக்குப் பொறந்த வீடு மலை மேல இருக்கு. மேகம் மாதிரி. கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது" என்று சொல்லிவிட்டார். உங்கள் அத்தை அதை என்னிடம் சொல்லவில்லை. வேறு ஆள் மூலம்தான் எனக்கு வந்தது. அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "காதுகுத்துக்கு மட்டும் வந்துருண்ணே."

காதுகுத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தாய்மாமன் வராவிட்டால் காது குத்தாமல் விடமாட்டார்கள். மாமன் முறையில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். அப்படி ஒருவன் பழனியிலேயே தயாராக இருந்தான். உங்கள் சித்தப்பா, என் பெரியப்பா மகன். அடிவாரத்தில் விபூதியும் கற்பூரமும் விற்கிற கடை. ஆள் ஊதுபத்தி மாதிரி இருப்பான். நல்லவன். ஆனால் அவன் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், என் தங்கைக்குக் கூடப்பிறந்தவன் இருந்தும் இல்லை என்பது ஊரறிய முடிவாகிவிடும். மாமியார் சொன்னது சரி என்றும் ஆகிவிடும்.

கார்த்திகை மாதத்தில் நாள் குறித்தார்கள். இந்தத் தடவை முதல் நாளே இறங்கிவிடுவது என்று நான் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பழனிக்கு நேராக இறங்கும் ரோடு அப்போது கிடையாது, வத்தலக்குண்டு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. நான் பஸ் ஏற வேண்டிய நாள் விடிவதற்குள் பால்காரர் வந்து செய்தி சொன்னார்.

"பெருமாள்மலைக்குக் கீழ மண்ணு சரிஞ்சு ரோட்டுல கெடக்குப்பா. பஸ்ஸு இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. ஆளுக மட்டும் மண்ணு மேல ஏறித் தாண்டிப் போறாக."

முதலாளிக்கு என் நிலைமை தெரியும். அவர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், நல்ல மனசு. பேச்சில் பாதி இங்கிலீஷ் இருக்கும்.

"வெள்ளகவி வழியா நடந்து எறங்கிரு. பெரியகுளம் போயி பஸ்ஸப் பிடி" என்றார்.

"அது ஒத்தையடிப் பாதைங்க முதலாளி."

"ஆமா, அத மறந்துட்டேன். நீ போனேன்னா எதிர்ல வர்றவன் ரிவர்ஸ்ல போகணும்."

"நான் சைக்கிள்லயே போறேங்க. மண்ணு கெடக்குற எடத்துல தூக்கிக்கிட்டுத் தாண்டிரலாம்."

அவர் சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் சைக்கிளைப் பார்த்தார். "அதுகிட்ட கேட்டியா?" என்றார். கேட்டுவிட்டு, ரொட்டிப் பெட்டியை நன்றாகத் துடைத்து, அவர் கையாலேயே காகிதம் விரித்துக் கொடுத்தார். அதற்குள் பிள்ளைக்குப் பட்டுச்சட்டை, தங்கைக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, பலகாரம் எல்லாம் வைத்தேன். கம்மலை மட்டும் துணியில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலை ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுகம் என்று நினைக்கிறீர்கள். ஒல்லியான ஆளுக்கு அது சரி. கனத்த ஆளுக்கு இறக்கம்தான் பயம். ஒல்லி ஆளைச் சைக்கிள் இறக்கும், கனத்த ஆள் சைக்கிளை இறக்குவான். பிரேக்கைப் பிடித்தால் ரப்பர் தேய்ந்து நாற்றம் வருமே தவிர வண்டி நிற்காது. அதனால் அந்த நாளில் மலை இறங்குகிற சைக்கிள்காரர்கள் ஒரு மரக்கொப்பைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். கொப்பு தரையில் உரசிப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கைத்தடி அளவு கொப்பு போதும். நான் தைலமரத்தில் தொடை அளவு கொப்பாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். பின்னால் கரகரவென்று சத்தம். ஊர் நாய்கள் எல்லாம் பெருமாள்மலை வரைக்கும் என்னை வழியனுப்ப வந்தன.

மண் சரிந்த இடத்தில் ரோட்டு வேலைக்காரர்கள் ஆணும் பெண்ணுமாக மண்வெட்டியும் கூடையுமாக நின்றார்கள். இரண்டு பேர் சைக்கிளைப் பெட்டியோடு தலைக்கு மேல் தூக்கி, சேற்றில் கால் பாவாதது போல் தாண்டிவிட்டார்கள். நான் பின்னாலேயே ஏறினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. மறு காலை எடுத்து வைத்தேன், அதுவும் போனது.

அந்தப் பக்கம் போன ஆள் திரும்பிப் பார்த்து, "சைக்கிளு வந்துருச்சு, அண்ணாச்சிய எங்க?" என்றான்.

கூடை சுமந்த ஒரு அம்மா, "அந்தா நட்டு வச்சிருக்குல்ல" என்றார். "அண்ணாச்சி, ஏற்கெனவே ஒரு மலை சரிஞ்சுதான் இந்தப் பாடு. நீங்க கொஞ்சம் சரியாம நில்லுங்க."

கொப்பு கட்டியிருந்த கயிற்றையே வீசி என்னைப் பிடித்து இழுத்தார்கள். தேர் இழுப்பது போல ஓசை வேறு போட்டார்கள். வெளியே வந்தபோது என் செருப்பு வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கும். நான் காதுகுத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் அவர்கள் கேலியை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார்கள். "தாய்மாமனா? அப்ப நேரத்துக்குப் போகணும்ல?" என்று அந்த அம்மா சொன்னார். என் கொப்பு பாதி தேய்ந்திருந்ததைப் பார்த்து, சரிவில் விழுந்து கிடந்த மரத்தில் இருந்து ஒரு கட்டையை வெட்டிக் கட்டிவிட்டார்கள். "ஆளுக்குத் தக்கன பிரேக்கு" என்றான் வெட்டினவன். அது கொப்பே இல்லை. ஒரு வீட்டுக்கு உத்தரம் போடலாம்.

அதுதான் வினை ஆனது. கொஞ்ச தூரம் கீழே வனத்துறைக் காவலர் ஒருவர் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் கரகரவென்று வருவதைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, அவரைத் தாண்டிப் போய்த்தான் நின்றேன்.

"எங்க கொண்டுட்டுப் போறீரு மரத்த?"

"மரம் இல்லீங்க, பிரேக்கு."

"நானும் எத்தனையோ பேரப் பாத்துட்டேன். விறகுன்னு சொல்லுவான், ஊனுகோலுன்னு சொல்லுவான். பிரேக்குன்னு சொன்ன மொத ஆளு நீருதான்."

"சத்தியமாங்க. இது இல்லேன்னா வண்டி நிக்காது."

"சைக்கிள்ல பிரேக்கு இருக்குல்ல? கட்டைய அவுத்துப் போட்டுட்டுப் போம்."

நான் என்ன செய்ய? அவிழ்த்தேன். ஏறி உட்கார்ந்து, "நான் போறேங்க. நிக்கலேன்னா நீங்கதான் வந்து பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தேன். பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். வண்டி மெதுவாக நகர்ந்தது. பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை. காவலர் கூடவே நடந்தார். பிறகு ஓடினார். "நிறுத்தும்! ஓய், நிறுத்தும்!" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டார். என்னை அவர் நிறுத்தவில்லை, நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். வளைவில் வெட்டிப் போட்டிருந்த மண் மேட்டில் முன் சக்கரம் ஏறி இருவரும் நின்றோம்.

அவர் மூச்சு வாங்கினார். தொப்பியை எடுத்துத் துடைத்தார். திரும்ப மேலே ஏறிப்போய், அந்தக் கட்டையை அவர் கையாலேயே இழுத்து வந்து, அவரே முடிச்சுப் போட்டார்.

"கட்டை சர்க்காருது. அடிவாரத்துல செக்போஸ்ட்ல எங்க ஆளுகிட்ட ஒப்படைச்சுரணும்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "வளைவுல மொள்ளப் போங்க" என்றார். பிடித்து இழுக்கப்பட்ட பிறகு 'நீர்' போய் 'நீங்க' வந்திருந்தது.

நான் சொன்ன சொல் தவறவில்லை. அடிவாரம் வந்ததும் செக்போஸ்டில் இறங்கிச் சர்க்கார் கட்டையை அவிழ்த்து ஒப்படைத்தேன். அத்தனை வளைவும் தேய்த்துத் தேய்த்து அது மோர் கடையும் மத்து அளவு ஆகியிருந்தது. அங்கிருந்தவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத வச்சு நான் என்ன செய்ய, பல்லு வெளக்கவா?" என்று கேட்டார்.

வத்தலக்குண்டு வந்ததும் ஏன் பஸ் ஏறவில்லை என்று கேட்பீர்கள். ஏறப் பார்த்தேன். பஸ் நிரம்பி வழிந்தது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு எறங்குனா நீங்க ஒருத்தரு ஏறலாம். பெட்டியும் சைக்கிளும் ஆகாது, மேல வெங்காய மூட்டை கெடக்கு" என்றார். பெட்டியில்தானே சீர் இருக்கிறது? மாமன் வந்து சீர் வராவிட்டால் அதற்கு ஒரு பேச்சு வரும். அடுத்த பஸ் எப்போது என்றால், வந்தால் உண்டு என்றார்கள். பஸ்ஸை நம்பி இரண்டு தடவை தலைகுனிந்தது போதும் என்று திரும்பவும் சைக்கிளில் ஏறினேன்.

கனத்த ஆள் நெடுந்தூரம் ஓட்டுவதற்குச் சில வழிமுறைகள் உண்டு. நீங்கள் பிற்காலத்தில் என் உடம்புக்கு வரக்கூடும் என்பதால் எழுதுகிறேன். பள்ளம் வந்தால் சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, பெடலில் எழுந்து நின்றுவிட வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, அடிக்கடி கொஞ்சம் சாப்பிட வேண்டும். நான் அடிக்கடி என்பதை மட்டும் சரியாகக் கடைப்பிடித்தேன். ஒல்லியான ஆள் முந்திப் போனால் ரோஷப்படக் கூடாது. வழியில் பாய் வியாபாரி ஒருவர் தலைக்கு மேல் பாய்க்கட்டோடு என்னை முந்திப் போனார். திரும்பிப் பார்த்து, "களைச்சா சொல்லுங்க, பாய் விரிச்சுத் தர்றேன்" என்றார். நான் ரோஷப்பட்டு அழுத்தினேன். செம்பட்டிக்குள் நுழையும்போது பின் சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொரு டிங்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது பாம்பு போல நெளிந்து சுற்றியது.

"கம்பி ஒடஞ்சு ரிம்மு கோணிருச்சு. கோட்டம் எடுக்கணும். கூட வந்தவரு எங்க?"

"நான் ஒருத்தன்தாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி. ரெண்டு பேருக்குத் தாங்குற மாதிரியே கட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். நல்ல கைவேலை. அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பி உடையவில்லை.

அதில் நேரம் போய்விட்டது. ஒட்டன்சத்திரம் போகும்போதே இருட்டிவிட்டதால் காய்கறி மண்டியில் சாக்குகளின் மேல் படுத்துவிட்டேன். வெள்ளனே எழுந்து சைக்கிள் பக்கம் போனேன். முதல் நாள் உட்கார்ந்த இடத்தில் இன்று உட்கார முடியவில்லை. துண்டை நாலாக மடித்துச் சீட்டில் கட்டினேன். ஏறினேன், இறங்கினேன், திரும்பவும் ஏறினேன். பழனி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது வந்துவிட்டோம் என்று நினைத்தேன். கண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கிற மலை காலுக்குத் தூரத்தில் இருந்தது. கோயில் மணி கேட்டாலும் பயம், நேரம் என்ன என்று யாரையும் கேட்கவும் பயம். அழுத்தினேன். தொடை இரண்டும் அடுப்பு மாதிரி எரிந்தது. நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று தெரிந்து நிறுத்தவே இல்லை.

அடிவாரத்தில் ஒரு சத்திரத்துக் கூடத்தில்தான் காதுகுத்து. நான் வாசலில் இறங்கும்போது உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. பிள்ளைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழை இலையில் மஞ்சள் பிள்ளையார், பக்கத்தில் குத்துவிளக்கு. பலகையில் உங்கள் சித்தப்பா புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உங்கள் அத்தை மட்டும் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வாசலையே பார்த்து நின்றாள்.

"எண்ணே!" என்றாள். வேறு ஒன்றும் வரவில்லை அவளுக்கு.

உங்கள் மாமாவுக்கு வந்தது. "வாங்க மச்சான். மலை ரோடு அடைச்சுக் கெடக்குன்னாக. நீங்க எறங்கி வந்த பொறகு தொறந்துருச்சாமே?"

சித்தப்பா பலகையை விட்டு எழுந்தான். "உக்காருங்கண்ணே. எடத்தச் சூடாக்கி வச்சிருக்கேன்."

பெட்டியைத் திறந்து சீரைத் தட்டில் வைத்தேன். கம்மலை எடுத்துக் கொடுத்தேன். காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு, பலகைக்கு முன்னால் நின்று, முழங்காலை மடக்கினேன்.

மடங்கவில்லை.

கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொண்டது. சதை கல் மாதிரி உருண்டு நிற்க, நான் போட்ட சத்தத்தில் பிள்ளை அழ ஆரம்பித்தது. ஒரு காலைத் தேய்த்தால் மறுகால் பிடித்தது. கெண்டைக்காலை விட்டால் தொடையில் பிடித்தது. சித்தப்பாவே குனிந்து என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தான். உங்கள் மாமா விளக்கெண்ணெய் கொண்டு வந்தார். எண்பது மைல் ஓட்டிய கால், ஒரு சாண் மடங்க மாட்டேன் என்றது.

"நல்ல நேரம் முடியப் போகுதும்மா" என்றார் ஆசாரி.

மாமியார் இதற்குத்தான் காத்திருந்தது போல, "அந்தத் தம்பி பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு. அத எழுப்பியிருக்கவே வேணாம்" என்றார்.

"எங்க அண்ணன் மடிதான் அத்த" என்றாள் உங்கள் அத்தை. அவள் மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மடி எங்கடி இருக்கு? ரெண்டு காலும் ஒலக்க மாதிரில்ல நிக்குது!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. குரக்களி வலி என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

"கால நீட்டிக்கிட்டே உக்காரட்டும்" என்றார் மாமா. மூன்று பேர் சேர்ந்து, லாரியில் இருந்து மூட்டை இறக்குவது போல என்னைத் தூணில் சாய்த்து இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, என் இரண்டு காலும் நேராகப் பிள்ளையாரைப் பார்த்து நீண்டிருந்தன.

"சாமிக்கு நேரா காலா!" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என்னைத் திருப்பிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் தள்ளினால் அலறினேன், அந்தப் பக்கம் தள்ளினாலும் அலறினேன். மாமா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இவரத் திருப்புறதுக்குப் பிள்ளையாரத் திருப்பிரலாம்" என்றார். அப்படியே நடந்தது. இலையோடு பிள்ளையாரை என் வலப்பக்கம் வைத்தார்கள். விளக்கு போனது, தாம்பாளங்கள் போயின, ஆசாரி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார், அங்கே உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பாயோடு நகர்ந்தார்கள். பிள்ளையாரும் என்னைப் போல் உடம்புக்காரர்தான். அவர் ஒன்றும் கோபித்திருக்க மாட்டார்.

அத்தை பிள்ளையைக் கொண்டுவந்து என் தொடை மேல் வைத்தாள். இரண்டு தொடைக்கும் நடுவில் பிள்ளை வழுக்கித் தரைக்கு இறங்கியது. தூக்கி வைத்தாள், திரும்பவும் இறங்கியது.

ஆசாரி பொறுமை இழந்து, "தாயி, கொஞ்சம் மேல ஏத்தி வயித்து மேல வைய்யி. வெரசா" என்றார்.

வைத்தாள். பிள்ளை என் வயிற்றில் பாதி புதைந்து உட்கார்ந்தது. முதுகுக்கு என் நெஞ்சு, இரண்டு பக்கமும் என் கை. அசைய இடமே இல்லை அதற்கு. ஆசாரி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "ஒல்லியான மாமன்னா பிள்ளை துள்ளும், ஊசி எங்கயாச்சும் போகும். இது தொட்டில்ல கெடக்குற மாதிரி கெடக்கு" என்றார். சித்தப்பா பிள்ளையின் வாயில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்தான். வலக்காது, இடக்காது. பிள்ளை என்ன நடந்தது என்று யோசித்துவிட்டுத் தாமதமாகத்தான் அழ ஆரம்பித்தது. கம்மல் ஏறிவிட்டது.

மாமியார் கிட்டே வந்து காதைப் பார்த்தார். கம்மலைப் பார்த்தார். தட்டில் இருந்த சேலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கே நின்ற பெண்களிடம் திரும்பி, "மருமக பொறந்த வீட்டுச் சீரு. எடுத்து உள்ள வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உங்கள் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காபி கொண்டுவர ஓடினாள்.

அடுத்து எல்லோரும் மலை ஏறிச் சாமி கும்பிட வேண்டும். பிள்ளையைத் தூக்க வந்தார்கள். அது அழுது களைத்து, வாயில் வெல்லம் ஒழுக, என் வயிற்றின் மேல் தூங்கிவிட்டிருந்தது. அத்தை கையை நீட்டினாள். மாமியார் அந்தக் கையைத் தடுத்தார்.

"தூங்கட்டும். ஆண்டவரு மலைய விட்டு எங்க போயிரப் போறாரு?"

சொல்லிவிட்டு அவரும் சுவரோரம் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சித்தப்பா என் கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமா என் தோள் பக்கம் வந்து குனிந்து, காதோடு சொன்னார்:

"மச்சான், மூச்ச மொள்ள விடுங்க. பிள்ளை உருண்டுரப் போகுது."

நானும் மெள்ளத்தான் விட்டேன்.